கிடாக்குட்டியா, பெட்டைக்குட்டியா: கறிக்கு எதை, எத்தனை நாள் வளர்ப்பது?

போன வாரம் கொட்டகையில் இரண்டு செம்மறிக் குட்டிகளை அடுத்தடுத்துத் தராசில் ஏற்றினேன். இரண்டும் 32 கிலோ. ஒன்று கிடா, மற்றது பெட்டை. தராசை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகுத்தண்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். கிடாவின் முதுகில் எலும்பு முனைகள் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட்டன. இரு பக்கமும் சதை திரண்டிருந்தது. அதை மூடிய கொழுப்பு மெல்லிசு. பெட்டையின் முதுகில் விரல் மெத்தென்று அமுங்கியது. எலும்பு எங்கே என்று தேடி அழுத்த வேண்டியிருந்தது. கிடாவுக்கு நான்கு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகிறது. பெட்டைக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது.

கறிக்கு ஆடு வளர்ப்பவர்கள் கிடாவா பெட்டையா என்று பேச ஆரம்பித்தால் இரண்டு பதில்கள்தான் வரும். கிடா வேகமாக வளரும் என்பார் ஒருவர். பெட்டைக் கறிதான் ருசி என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். எதைச் சமமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்று இருவருமே சொல்வதில்லை. ஒரே வயதில் நிறுத்தி ஒப்பிட்டால் கிடா ஜெயிக்கும். ஒரே எடையில் நிறுத்தி ஒப்பிட்டால் பெட்டை கொழுத்திருக்கும், கிடா மெலிந்திருக்கும். ஒரே கொழுப்பளவில் நிறுத்தினால் கறியில் பெரிய வேறுபாடு தெரியாது. கிடா மட்டும் கூடுதல் எடையோடு நிற்கும். ஆகவே எந்தக் குட்டி என்று முடிவெடுக்கும் முன்பு, எந்த எடையில், எந்த வயதில் அதை அனுப்பப் போகிறோம் என்று முடிவெடுத்தாக வேண்டும்.

பிறந்ததிலிருந்து பால் மறக்கும் வரை

பிறக்கும்போதே கிடாக்குட்டி 5 முதல் 10 சதவீதம் வரை கனமாக இருக்கும். நான்கு கிலோ குட்டியில் அது 200 முதல் 400 கிராம். அதன் பிறகு பால் குடிக்கும் இரண்டு மூன்று மாதங்களில் இந்த இடைவெளி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் குட்டியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது தாயின் மடியும், அந்த மடியில் எத்தனை வாய் போட்டி போடுகிறது என்பதும்தான். ஒற்றையாகப் பிறந்த பெட்டைக்குட்டி, இரட்டையில் ஒன்றாகப் பிறந்த கிடாவைப் பால் மறக்கும் நாளில் சுலபமாக முந்திவிடும். பால் மறந்த குட்டிகளை வாங்கி வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மந்தையில் சின்னதாக நிற்கும் கிடாவைச் சோப்பளாங்கி என்று ஒதுக்காதீர்கள். அது இரட்டையில் பிறந்ததா என்று முதலில் கேளுங்கள். அப்படியென்றால் அதற்கு இன்னும் வளர இடம் இருக்கிறது.

ஆண், பெண் வேறுபாடு உண்மையில் கண்ணுக்குத் தெரிவது மூன்று மாதத்துக்குப் பிறகு. விதைப்பை பெருக ஆரம்பிக்கும், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் சுரப்பு ஏறும், கிடாவின் வளர்ச்சிக்கோடு நிமிரும். நல்ல தீவனத்தில் காயடிக்காத கிடா, காயடித்த கிடாவைவிட 10 முதல் 15 சதவீதம் வேகமாக எடை கூடும். காயடித்த கிடா, பெட்டையைவிட 5 முதல் 10 சதவீதம் வேகம். இந்த வரிசை இனத்துக்கு இனம் மாறாது. இடைவெளிதான் கூடும் குறையும்.

இடைவெளி குறையும் இடம் ஒன்று உண்டு, அதைப் பலரும் பார்ப்பதில்லை. தீவனம் போதாத இடத்தில் கிடாவுக்கும் பெட்டைக்கும் வளர்ச்சியில் அதிக வித்தியாசம் இருக்காது. காய்ந்த மேய்ச்சலில் நாளுக்கு 50, 60 கிராம் கூடிக்கொண்டிருக்கும் மந்தையில் போய் "கிடா ஏன் வளரவில்லை" என்று கேட்பதில் பொருளில்லை. வேகமாக வளரும் திறன் கிடாவின் உடம்பில் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவரப் புரதமும் எரிசக்தியும் வேண்டும். குடற்புழு விஷயத்திலும் கிடாக்குட்டிதான் பெட்டையைவிடப் பலவீனம். ஒரே மேய்ச்சல் காட்டில் மேய்ந்தாலும் கிடாவின் புழுக்கையில் புழு முட்டைகள் கூடுதலாக இருப்பது வழக்கம். மேய்ச்சலை மட்டும் நம்பி கிடா வளர்ப்பவர் புழு நீக்கத்தில் அசட்டையாக இருந்தால், கிடா என்பதால் வரவேண்டிய அனுகூலம் அங்கேயே கரைந்துவிடும்.

32 கிலோ என்பது இரண்டு குட்டிக்கும் ஒன்றல்ல

தராசில் ஏற்றிய அந்த இரண்டு குட்டிகளுக்குத் திரும்பி வருகிறேன். ஒரே எடையில் ஒன்று கொழுத்தும் ஒன்று மெலிந்தும் இருப்பது ஏன்?

1930களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் ஹாமண்ட் என்ற கால்நடை விஞ்ஞானி செம்மறியின் வளர்ச்சியைத் திசு திசுவாகப் பிரித்துப் பார்த்தார். உடம்பு எல்லாப் பாகத்தையும் ஒரே சமயத்தில் கட்டுவதில்லை. முதலில் எலும்பு, அடுத்து சதை, கடைசியில் கொழுப்பு. கொழுப்புக்குள்ளும் ஒரு வரிசை உண்டு: முதலில் வயிற்றுக்குள், சிறுநீரகத்தைச் சுற்றி, பிறகு சதைகளுக்கு இடையே, பிறகு தோலுக்கு அடியில், கடைசியில்தான் சதையின் இழைகளுக்குள். இந்த வரிசையில் ஒரு குட்டி எங்கே நிற்கிறது என்பதை அதன் இன்றைய எடை சொல்லாது. முழுதாக வளர்ந்தால் எட்டப்போகும் எடையில் இது எத்தனை பங்கு என்று பார்த்தால்தான் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் தீவனக் கணக்குக்குப் பயன்படுத்தும் ஒரு விகிதம் இதைப் புரிந்துகொள்ள உதவும். பெட்டையின் முதிர்ந்த எடையை 1 என்று வைத்தால் காயடித்த கிடாவுக்கு 1.2, காயடிக்காத கிடாவுக்கு 1.4. முதிர்ந்த பெட்டை 50 கிலோ வரும் ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம். அதில் காயடித்தது 60 கிலோ, கிடா 70 கிலோ. இப்போது மூன்றும் 35 கிலோவில் நிற்கின்றன என்று வையுங்கள். பெட்டை தன் வளர்ச்சியில் 70 சதவீதத்தை முடித்துவிட்டது. காயடித்தது 58 சதவீதத்தில் இருக்கிறது. கிடா சரிபாதியில்தான் நிற்கிறது. பெட்டை கொழுப்புக் கட்டும் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. கிடா இன்னும் எலும்பும் சதையும் கட்டிக்கொண்டிருக்கிறது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் முடிவெடுக்க இன்னும் வசதி. மூன்றையும் 60 சதவீத வளர்ச்சியில் அனுப்புவது என்று வைத்துக்கொள்வோம். பெட்டை 30 கிலோவில் தயார், காயடித்தது 36 கிலோவில், கிடா 42 கிலோவில். உடல் அமைப்பில் மூன்றும் ஏறத்தாழ ஒரே கட்டத்தில் இருக்கும். 40 கிலோவில் முதிரும் சிறிய இனமாக இருந்தால் இதே கணக்கில் 24, 29, 34 கிலோ வரும். உங்கள் மந்தையில் முழுதாக வளர்ந்த பெட்டை ஆடுகளின் சராசரி எடை தெரிந்தால் போதும், இந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

பல பண்ணைகளில் நடக்கும் தவறும் இங்கேதான் இருக்கிறது. எல்லாக் குட்டிக்கும் ஒரே எடையை இலக்காக வைக்கிறார்கள். 35 கிலோ வந்தால் ஏற்று என்பதுதான் உத்தரவு. அந்த எடையை எட்ட பெட்டை கடைசி சில கிலோவைக் கொழுப்பாகவே போட வேண்டியிருக்கிறது. கிடாவோ இன்னும் நன்றாக வளரக்கூடிய நேரத்தில் வண்டி ஏறிவிடுகிறது.

தீவனம் எங்கே போகிறது

மெலிந்த சதையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்புத் திசுவில் தண்ணீர் மிகக் குறைவு. அதனால் ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியிருக்கும் எரிசக்தி, ஒரு கிலோ மெலிந்த சதையில் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அவ்வளவும் நீங்கள் போட்ட தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். ஒரே எடையில் பெட்டைக்குட்டி கிலோவுக்கு அதிகத் தீவனம் கேட்பதன் காரணம் இதுவே. பெட்டை சோம்பேறியும் இல்லை, அதன் செரிமானம் மோசமும் இல்லை. உடம்பில் சேரும் சரக்கு வேறு.

தானியம் போன்ற அடர்தீவனத்துக்கு அதிகம் செலவழிப்பவர்களுக்குக் கிடா தெளிவாகவே லாபம். பால் மறந்த பிறகு நாளுக்குப் பெட்டை 150 கிராம், காயடித்தது 165, கிடா 185 கிராம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 18 கிலோவில் தொடங்கிய மூன்றும் 90 நாளில் முறையே 31.5, 32.9, 34.7 கிலோவில் நிற்கும். கிடாவுக்கும் பெட்டைக்கும் மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம். ஆனால் இது உயிர் எடை என்பதை மறந்துவிடக் கூடாது.

உரித்த பிறகு

பெட்டையின் உரித்த எடை விகிதம், அதாவது உயிர் எடையில் உரித்த உடலின் பங்கு, கிடாவைவிட ஒன்று முதல் மூன்று சதவீதப் புள்ளி கூடுதலாக வருவது வழக்கம். கிடாவுக்குத் தலை பெரிது, தோல் கனம், காலெலும்பு தடிமன், விதைப்பை வேறு. கொம்புள்ள இனமாக இருந்தால் கொம்பும் சேரும். இவையெல்லாம் தராசில் ஏறும், கறித் தட்டில் ஏறாது. மேலே சொன்ன கணக்கையே எடுத்தால், பெட்டைக்கு 49 சதவீதம், கிடாவுக்கு 47 சதவீதம் என்று வைத்தால் உரித்த எடை 15.4 கிலோவும் 16.3 கிலோவும் ஆகிறது. உயிர் எடையில் மூன்று கிலோவாக இருந்த இடைவெளி உரித்ததும் ஒரு கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆட்டை உயிரோடு எடை போட்டு விற்பவருக்கும் உரித்து விற்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அந்தக் கூடுதல் விகிதத்தில் எது சதை, எது கொழுப்பு என்றும் பார்க்க வேண்டும். உரித்துத் தொங்கவிட்ட பெட்டையின் வயிற்றுக்குள் கையை விட்டால், சிறுநீரகத்தைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டியான கொழுப்புக் கட்டி உள்ளங்கை நிறைய வரும். அதே எடையுள்ள கிடாவில் சிறுநீரகம் பாதி வெளியே தெரியும். கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டுக் கறி விற்கும் இடத்தில் பெட்டையின் கூடுதல் விகிதம் கழிவுக் கூடைக்குப் போகிறது. கொழுப்போடு விரும்பி வாங்கும் இடத்தில் அது எடையாகவே நிற்கிறது.

சதை எந்தப் பாகத்தில் சேருகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. பருவத்துக்கு வந்த கிடாவின் கழுத்தும் தோளும் திரண்டு வரும். முட்டி மோதுவதற்கான உடம்பு அது. பெட்டையில் தொடையும் இடுப்பும் விகிதத்தில் சற்றுக் கூடுதல். ஐந்து மாதத்துக்குள் அனுப்பும் குட்டிகளில் இது பெரிதாகத் தெரியாது. ஒரு வயதுக் கிடாவில் நன்றாகத் தெரியும். தொடைக்கும் முதுகுச் சதைக்கும் தனி மதிப்புக் கொடுத்து வாங்குபவர்களுக்கு விற்பவர் மட்டும் இதைக் கணக்கில் எடுத்தால் போதும்.

கறியின் தரம்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கிடாக் கறி கடினம், வாடை அடிக்கும் என்ற பேச்சுக்கு அடிப்படை உண்டு. ஆனால் அது வயதான கிடாவைப் பற்றிய பேச்சு. ஐந்து, ஆறு மாதத்துக்குள் அறுத்த குட்டிகளின் கறியைச் சமைத்துக் கொடுத்துச் செய்த சுவைச் சோதனைகள் பலவற்றில், எது கிடா எது பெட்டை என்று சாப்பிட்டவர்களால் நம்பகமாகச் சொல்ல முடிந்ததில்லை. இந்த வயதுக் கிடாவை வாடைக்குப் பயந்து ஒதுக்குவது வீண்.

வயது ஏற ஏற நிலைமை மாறும். செம்மறிக்கே உரிய அந்த மொச்சை வாடைக்குக் கிளைச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் சில காரணம். 4-மீத்தைல்ஆக்டனாயிக், 4-மீத்தைல்நோனனாயிக் ஆகிய அமிலங்களுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு என்று நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1975இல் சுட்டிக்காட்டினார்கள். மிகச் சிறிய அளவே போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். பருவத்துக்கு வந்த கிடாவின் கொழுப்பில் இவை கூடுகின்றன. இனச்சேர்க்கைப் பருவத்தில் இன்னும் அதிகம். வாடை குடியிருப்பது கொழுப்பில்தான் என்பதால், முதிர்ந்த கிடாவின் கறியில் கொழுப்பை நன்றாக வெட்டி எடுத்தாலே பாதி குறைந்துவிடும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு வாடை உண்டு. அது மேய்ச்சலிலிருந்து வருவது. புரதம் மிகுந்த இளம் பயறுவகைத் தீவனத்தை நிறையத் தின்ற ஆட்டின் வயிற்றில் ஸ்கேட்டோல் என்ற பொருள் கூடுதலாக உண்டாகிக் கொழுப்பில் போய்ச் சேரும். இது பெட்டைக்கும் வரும். வயது முதிர்ந்த கிடா, அதுவும் பசுந்தீவனத்தில் மட்டும் வளர்ந்தது என்றால் இரண்டு வாடையும் ஒன்றாகச் சேரும். உரிக்கும் கையும் ஒரு காரணம். ரோமத்தைத் தொட்ட கையை அப்படியே கறியில் வைத்தால் கம்பளியின் மெழுகும் வியர்வையும் கறிக்கு ஏறும். கிடாவின் தோல் வயது ஏற ஏற இறுகி, உரிக்கக் கஷ்டமாகும். இழுத்துப் போராடும்போது இந்தத் தவறு நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். கிடாவின் மேல் சுமத்தப்படும் பழியில் ஒரு பங்கு கழுவாத கைக்குச் சேர வேண்டியது.

மென்மை விஷயத்துக்கு வருவோம். கறி தானாகவே இளகுவதற்குக் கல்பெயின் என்ற நொதிகள் வேலை செய்கின்றன. அவற்றைத் தடுக்கும் கல்பஸ்டாட்டின் காயடிக்காத ஆண்களில் அதிகம். சதையைக் கட்டும் கொலாஜன் நாரும் டெஸ்டோஸ்டிரோன் காரணமாகச் சீக்கிரம் இறுகுகிறது. காரணங்கள் இருந்தாலும், இளம் குட்டியில் அவற்றின் விளைவு சிறியது. அதைவிடப் பெரிய விளைவைக் குளிரூட்டும் முறை உண்டாக்கிவிடும். அறுத்த சில மணி நேரத்துக்குள், சதையின் அமிலத்தன்மை சரியான நிலைக்கு வருவதற்கு முன்பே 10 டிகிரிக்குக் கீழே குளிர வைத்தால் சதை சுருங்கி விறைத்துப் போகும். கொழுப்புப் போர்வை தடித்த பெட்டையின் உடல் மெதுவாகக் குளிரும். மெலிந்த கிடாவின் உடல் வேகமாகக் குளிரும். கிடாக் கறி கடினம் என்று சொல்லும் இடத்தில், உரித்ததும் எவ்வளவு நேரத்தில் குளிர் அறைக்குள் தள்ளினீர்கள் என்று நான் முதலில் கேட்பேன். சரியாகக் குளிரவைத்து ஐந்தாறு நாள் குளிரிலேயே இளகவிட்ட கறியில் வேறுபாடு மேலும் குறையும்.

நான் கிடா விஷயத்தில் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. அறுப்பதற்கு முந்தைய நாள் சண்டை. வெவ்வேறு பட்டியிலிருந்து வந்த கிடாக்களை ஒரே வண்டியில் ஏற்றினால் இரவெல்லாம் முட்டிக்கொள்ளும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சதையில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து அதிலேயே தீர்ந்துவிடும். அறுத்த பிறகு அமிலமாக மாறுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. நல்ல கறியின் இறுதி அமிலக்காரக் குறியீடு (pH, அமிலம் கூடினால் இது குறையும்) 5.4 முதல் 5.8க்குள் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட கிடாவில் அது 6ஐத் தாண்டும். கறி கருஞ்சிவப்பாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். தீர்ந்துபோன கிளைக்கோஜன் திரும்பச் சேர நாட்கணக்கில் ஆகும். ஒரு இரவு ஓய்வு போதாது. அனுப்புவதற்கு முந்தைய வாரம் கிடாப் பட்டியில் புது ஆடு எதையும் விடாதீர்கள். ஒன்றாக வளர்ந்தவை ஒன்றாகவே வண்டி ஏறட்டும்.

பெட்டையின் பக்கம் நிற்கும் உண்மையான பலம் சதைக்குள் ஓடும் நுண்கொழுப்பு. ஒரே வயதில் அது பெட்டையில் சற்றுக் கூடுதல். கறி ஈரப்பதமாகவும் சாறோடும் இருப்பதற்கு அது உதவுகிறது. நெருப்பில் நேராகச் சுட்டுச் சாப்பிடும்போது அந்த வித்தியாசம் தெரியும், நீண்ட நேரம் வேகவைக்கும் கறியில் தெரியாது. கிடாவின் கொழுப்பு பெட்டையுடையதைவிட மென்மையாக, சில சமயம் எண்ணெய் போலக் கசிவதும் உண்டு. தானியத்தை மாவாக அரைத்தோ குருணையாக அழுத்தியோ மிக அதிகமாகக் கொடுக்கும்போது இது நடக்கிறது. அதே தானியத்தை முழுசாகக் கொடுத்தால் கொழுப்பு கெட்டிப்படும். ஆட்டுக்கு அரைத்துக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, அதன் பற்கள் அந்த வேலையைச் செய்யும்.

காயடிப்பதா, விடுவதா

காயடிப்பதால் என்ன இழக்கிறோம் என்பது மேலேயே வந்துவிட்டது: வளர்ச்சியில் 10 முதல் 15 சதவீதம், தீவனத்தைச் சதையாக மாற்றும் திறனிலும் ஏறக்குறைய அதே அளவு. காயடித்த அன்று குட்டி படும் வலியையும், புண் வழியாக வரக்கூடிய வில்வாத ஜன்னியையும் (டெட்டனஸ்) இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனையும் கொடுத்து என்ன வாங்குகிறோம்? அமைதியான பட்டி, பெட்டைகளோடு ஒன்றாக மேய்க்கும் வசதி, எட்டு மாதம், ஒரு வருடம் என்று வைத்திருந்தாலும் வாடை ஏறாத கறி.

ஆறு மாதத்துக்குள் அனுப்புவதாக இருந்தால் காயடிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாடை வருவதற்குள் குட்டி போய்விடும். வராத வாடைக்காக வளர்ச்சியை விட்டுக்கொடுப்பானேன்? ஒரு வருடம் வரை வைத்திருப்பது உறுதியென்றால், அல்லது கிடாவையும் பெட்டையையும் பிரிக்க இடமில்லை என்றால், காயடிப்பதே சரி. அதையும் பிறந்த முதல் வாரங்களிலேயே, கால்நடை மருத்துவர் சொல்லும் முறையில் செய்துவிட வேண்டும். ஐந்து மாதம் வளரவிட்டுப் பிறகு யோசித்துக் காயடிப்பதில் இரண்டு நஷ்டமும் சேர்ந்து வரும். பெரிய குட்டிக்கு வலி அதிகம், வளர்ச்சித் தடையும் அதிகம்.

காயடித்த கிடாவை அடர்தீவனத்தில் வளர்ப்பவர்கள் சிறுநீர்க் கல்லுக்கு விழிப்பாக இருக்க வேண்டும். ஆண் ஆட்டின் சிறுநீர்க் குழாய் நீளமும் குறுகலும் வளைவும் கொண்டது. சிறு வயதிலேயே காயடித்தால் அது முழுதாக அகலப்படுவதில்லை. தானியத்தில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கல் சேரும், அடைக்கும். முக்கி முக்கி நின்று சிறுநீர் வராமல் பல்லைக் கடிக்கும் ஆட்டைக் கண்டால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும், மறுநாள் என்றால் பெரும்பாலும் தாமதம். தீவனத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கட்டும், தண்ணீர் எந்நேரமும் சுத்தமாக இருக்கட்டும். பெட்டைக்கு இந்தக் குழாய் குட்டையும் அகலமும் என்பதால் அடைப்பு அபூர்வம். தீவனச் செலவு போட்டு வளர்த்த குட்டியைக் கடைசி மாதத்தில் இழப்பது எவ்வளவு கொடுமை என்று பட்டவர்களுக்குத் தெரியும். கிடாவின் வேகத்தைக் கணக்கிடும்போது இந்த அபாயத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

பெட்டைக்குட்டியைக் கறிக்கு அனுப்பும் முன்

பெட்டைக்குட்டிக்கு இன்னொரு எதிர்காலம் இருக்கிறது. ஒரு தாய் ஆடு மந்தையில் நான்கைந்து ஈற்று நிற்கும் என்றால், வருடத்துக்கு ஒரு ஈற்று என்ற கணக்கில் ஆண்டுதோறும் மந்தையில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ புதிதாக வந்து சேர வேண்டும். அந்த இடத்துக்கு உங்கள் பெட்டைக்குட்டிகளிலிருந்தே எடுப்பதுதான் நல்லது. தாயின் பால், ஈனும் தன்மை, நோய் எதிர்ப்பு எல்லாம் உங்களுக்கு நேரில் தெரியும்.

இந்த முடிவைச் சீக்கிரம் எடுக்க வேண்டும். தாயாக்க நினைக்கும் குட்டியைக் கிடாக்களோடு சேர்த்து அடர்தீவனம் கொட்டி வளர்த்தால், பருவத்துக்கு முந்தைய அந்த மாதங்களில் மடியில் பால் சுரக்கும் திசு வளர வேண்டிய இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். பிற்காலத்தில் பால் குறையும். பால் மறக்கும்போதே மூன்று குழுவாகப் பிரித்துவிடுங்கள்: கறிக்குப் போகும் கிடாக்கள், கறிக்குப் போகும் பெட்டைகள், தாயாகப் போகும் பெட்டைகள்.

பிரிக்காமல் விட்ட ஒரு வருடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இடம் போதவில்லை என்று கிடாக்களையும் பெட்டைகளையும் ஏழு மாதம் வரை ஒரே பட்டியில் வைத்திருந்தேன். கிடாக்கள் தின்பதை விட்டுவிட்டுப் பெட்டைகளைத் துரத்திக்கொண்டிருந்தன, பெட்டைகளுக்குத் தின்ன நேரமில்லை. இரண்டின் எடையும் நின்றுபோனது. அந்த வருடம் அறுத்த பெட்டை ஒன்றின் வயிற்றில் கரு இருந்தது. விரல் நீளம்தான், கால்கள் உருவாகியிருந்தன. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் வெளியே நின்றேன். அன்றிலிருந்து நான்கு மாதம் முடிவதற்குள் பிரித்துவிடுகிறேன். கிடாக்குட்டி ஐந்து மாதத்திலேயே சினையாக்கும் திறனை அடையலாம். பெட்டையும் தன் முதிர்ந்த எடையில் 60 சதவீதத்தைத் தாண்டியதும் பருவத்துக்கு வரத் தொடங்கிவிடும்.

அப்படியானால் எதை வளர்ப்பது

நல்ல தீவனம் இருக்கிறது, நான்கைந்து மாதத்தில் அனுப்ப முடியும், உயிர் எடைக்குத்தான் விற்பனை என்றால் காயடிக்காத கிடாவுக்கு ஈடு இல்லை. கையில் இருக்கும் பெட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி வளர்ப்பதாக இருந்தால் கிடாவாகப் பார்த்து வாங்குங்கள்.

இளம் வயதில், சிறிய உடலாக, கொழுப்பு மிதமாகப் பூசிய கறியாக வேண்டும் என்று கேட்கும் இடத்துக்குப் பெட்டைதான் பொருத்தம். கிடா அந்த எடையில் இன்னும் எலும்பும் தோலுமாகத் தெரியும், பெட்டை நிறைவாக இருக்கும். கனத்த உடல் கேட்பவருக்குப் பெட்டையை இழுத்து இழுத்து அந்த எடைக்குக் கொண்டுவராதீர்கள். தீவனமும் வீண், வாங்குபவர் கொழுப்பைப் பார்த்து முகம் சுளிப்பார்.

மேய்ச்சல் மட்டும்தான், வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், ஒரு வருடம் ஆகும் என்றால் எனக்குக் காயடித்த கிடாதான் முதல் தேர்வு. கிடாவின் வேகம் அந்தத் தீவனத்தில் எப்படியும் வெளிப்படப் போவதில்லை. வாடையும் சண்டையும் மட்டும் மிஞ்சும். இதே நிலையில் பெட்டையும் மோசமில்லை. மெதுவான வளர்ச்சியில் அது அளவுக்கு மீறிக் கொழுக்காது.

இனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டெக்செல் போன்ற மெலிந்த சதை கட்டும் இனத்தில் பெட்டை கொழுத்துவிடுமே என்ற கவலை குறைவு. அதைக் கொஞ்சம் கூடுதல் எடைக்கு வளர்க்கலாம். சவுத்டவுன் போன்ற சீக்கிரம் முதிரும் சிறிய இனத்தில் பெட்டையைச் சில வாரம் கூட விட்டாலும் முதுகில் கொழுப்பு ஏறிவிடும். அங்கே பெட்டையை முன்னதாகவும் கிடாவை வெகுவாகப் பின்னதாகவும் அனுப்ப வேண்டும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடை போடுங்கள், கிடாவுக்கும் பெட்டைக்கும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் தராசிலிருந்து இறக்கும் முன் கடைசி விலாவுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து. பெட்டையின் எடை ஏற்றம் முன்னைவிடக் குறைந்து, விரல் மெத்தென்று அமுங்க ஆரம்பித்தால் அந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அதே நாளில் தராசில் ஏறிய கிடாவின் எலும்பு முனை இன்னும் விரலில் கூர்மையாகக் குத்தினால், அதை இறக்கித் திரும்பப் பட்டிக்கு விடுங்கள். இன்னும் ஒரு மாதம் அது தின்பதெல்லாம் சதையாகத்தான் போகும்.